கூடையடியில் கிடந்த கறுப்புக் கல்

பலாங்கொடைப் பக்கத்து இரத்தினக்கல் குழியொன்றில் அன்றைய இல்லத்தை, அதாவது கல் கலந்த பரல்மண்ணை, அரித்து முடித்து, நீலக்கல்லும் புஷ்பராகமும் உண்டா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டார்கள். கூடையின் அடியில் ஒரு கையளவு கறுப்பு மணல் மீந்திருந்தது. குழிக்காரர்கள் இதை நம்புவ என்பார்கள். உரிமையாளரின் ஒப்புதலை முன்கூட்டியே பெற்றிருந்ததால், கொட்டுவதற்கு முன் அதை வாங்கி வெள்ளைத் தட்டொன்றில் பரப்பினேன். "அதுக்குக் காசு வராதுங்க ஐயா" என்றார் கூடை பிடித்திருந்த தோட்டத்து அண்ணன். அது உண்மைதான். ஆனால் வெள்ளவத்தையிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து நான் போனதே அந்த மிச்சத்துக்காகத்தான்; தோரியம் என்ற கதிரியக்க உலோகம் நிறைந்த தோரியனைற்று என்னும் கனிமம் அதில் கிடைக்குமா என்று பார்க்கத்தான்.

பொலித்தீன் சுற்றிய காந்தத்தை மணலின் மேல் ஓட்டினால் மகனற்றைற்று என்னும் இரும்புக் கனிமம் துள்ளி ஒட்டிக்கொள்ளும். புல்மோட்டை மணலில் கறுப்பாகக் கிடக்கிறதே, அந்த இல்மனைற்று அவ்வளவு எளிதில் எழும்பாது. இரண்டையும் ஒதுக்கியபின் எஞ்சிய சேர்க்கன், ஸ்பினல் மணிகளுக்கிடையில் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் பக்கமுள்ள ஒரு கறுப்புக் கனசதுரம் இருந்தது. விளிம்புகள் ஆற்றோட்டத்தில் சற்றே மழுங்கியிருந்தன. ஒரு முகத்திலிருந்து இன்னொரு கனசதுரத்தின் மூலை, ஒன்றை ஒன்று ஊடுருவி வளர்ந்ததுபோல, வெளியே துருத்திக்கொண்டிருந்தது. கறுப்பு ஸ்பினல் பெரும்பாலும் எண்முகியாக வளரும். இப்படிக் கனசதுரங்கள் ஊடுருவிப் பிணைவது தோரியனைற்றுக்கு இயல்பு. கதிரியக்கத்தை ஒலியால் காட்டும் கைகர் எண்ணியை அருகே கொண்டுபோனதும், அதுவரை விட்டுவிட்டு ஒலித்துக்கொண்டிருந்தது இடைவிடாமல் பொரியத் தொடங்கியது. அதன்பின் அக்கல்லை நான் விரலால் தொடவில்லை.

எண்ணி பொரிவதால் மட்டும் கல்லின் பெயர் தெரிந்துவிடாது. தோரியம் கொண்ட வேறு கனிமங்களான மொனசைற்றும் தோரைற்றும், ஏன், சில சேர்க்கன்களும்கூட அதை ஒலிக்கச் செய்யும். எனவே செட்டியார் தெருவில் நகைப்பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் விவரத்தைச் சொல்லி, அவருடைய தராசில் நிறுக்க இசைவு பெற்றேன். காற்றில் 1.262 கிராம். மெல்லிய நூலில் கட்டி, ஒட்டியிருந்த காற்றுக்குமிழிகளைத் தூரிகையால் தட்டிவிட்டு, நீருக்குள் தொங்கவிட்டபோது 0.131 கிராம் குறைந்தது. முன்னதைப் பின்னதால் வகுத்தால் சாரடர்த்தி, அதாவது அதே கனவளவு நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது, 9.6 என்று வருகிறது. ஸ்பினலுக்கு இது 3.6 அளவிலும், இல்மனைற்றுக்கு 4.7 அளவிலும், மகனற்றைற்றுக்கு 5.2 அளவிலும் இருக்கும். தோரியனைற்றுக்கு 9.7 அளவில் சொல்வார்கள். இவ்வளவு சிறிய கல்லில் ஒரேயொரு குமிழி ஒட்டியிருந்தாலும் விடை சரிந்துவிடும் என்பதால் மூன்று முறை நிறுத்தோம்.

இக்கனிமம் உலகுக்கு அறிமுகமானதே இலங்கையிலிருந்துதான். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியை நடராசர் வடிவத்துக்கு விளக்கம் எழுதிய கலை அறிஞராகவே நம்மவர்கள் அறிவார்கள். அவர் புவிச்சரிதவியலாளராக இலங்கையின் கனிம அளவைக்குப் பொறுப்பாக இருந்தார் என்பதும், 1904இல் தோரியனைற்றைக் கண்டறிந்தவர் அவரே என்பதும் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் மனக்குறை. முதலில் அது யுரேனியம் ஒட்சைட்டுக் கனிமமான யுரேனினைற்று என்றே கருதப்பட்டது. பகுப்பாய்வில் தோரியம் ஒட்சைட்டே மிகுந்திருப்பதைக் கண்ட ஆங்கிலேய வேதியியலாளர் டன்ஸ்டன், புதிய கனிமம் என்று உணர்ந்து பெயரிட்டார். அந்த மயக்கம் இயற்கையானது. இரண்டும் ஒரே படிக அமைப்புக் கொண்டவை, யுரேனியமும் தோரியமும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமர்ந்துகொள்ளும். ஆகவே என் தராசும் எண்ணியும் இவ்விரண்டையும் உறுதியாகப் பிரித்துக் காட்டமாட்டா.

சில ஆண்டுகளுக்கு முன் இதேபோன்ற ஒரு சிறு கனசதுரம் எனக்குக் கிடைத்தது. வேறு இரண்டு குழிகளின் கற்களோடு அதையும் ஒரே டப்பாவில் போட்டு வந்ததால், எந்தக் குழியின் கல் என்று பின்னர் சொல்ல முடியவில்லை. இன்றும் அதை நினைத்தால் வருந்துகிறேன். இடம் தெரியாத அக்கல்லைக் கொண்டு அம்மண் எந்தப் பாறையிலிருந்து வந்தது என்று எவராலும் தேட முடியாது. இம்முறை குழியோரத்திலேயே இடம், ஆழம், திகதி மூன்றையும் பென்சிலால் எழுதிய பிறகுதான் கல்லைச் சிமிழில் இட்டேன்.

இதை உடைக்கவோ அரைக்கவோ கூடாது. தூசு மூச்சோடு உள்ளே போவதே பெரிய ஆபத்து. இடுக்கியால் எடுத்து, இறுக மூடும் சிமிழில் வைத்து, கைகளைக் கழுவ வேண்டும். பிள்ளைகள் இருக்கும் வீட்டு அலுமாரி இதற்குரிய இடமன்று. கதிரியக்கப் பொருள்கள் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருவதால், உரியவர்களுக்குத் தெரிவித்து, பல்கலைக்கழகமொன்றின் கனிமச் சேகரிப்புக்கு ஒப்படைத்தேன். அங்கே பகுப்பாய்வு முடியும்வரை, அதனுடன் கொடுத்த அட்டையில் 'தோரியனைற்று' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நான் இட்ட கேள்விக்குறி அப்படியே இருக்கும்.