பணச் சண்டைக்குப் பஞ்சாயத்து தேடி அலைந்தோம்

எங்கள் சண்டை கிரெடிட் கார்டில் தொடங்கியது. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிடுவதால் கடன் கட்டுக்குள் இருப்பதாகக் கணவர் நம்பினார். அதில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும், அசல் அசையாது என்று நான் சொன்னால் அது குத்தலாகிவிடும்.

சரி, வெளியாள் ஒருவர் சொல்லட்டும் என்று நிதி ஆலோசகர் ஒருவரிடம் போனோம். வீண் அலைச்சல். கேட்டது நான், அவர் பதில் சொன்னதோ என் கணவரைப் பார்த்து. கடைசியில் ஒரு முதலீட்டுத் திட்டத்தை நீட்டினார், கடனில் தத்தளிப்பவர்களிடம்! நேரம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்: உங்கள் வருமானம் நாங்கள் தரும் கட்டணமா, விற்பனைக் கமிஷனா? மழுப்பினால் போகாதீர்கள்.

அடுத்துப் போனது தம்பதியருக்கான உளவியல் ஆலோசகரிடம். ஓராண்டு வங்கிக் கணக்கு அறிக்கை, எல்லாக் கடன் தாள்களும் வேண்டும் என்றார். கொண்டுபோனோம், ஒன்றைத் தவிர. கணவர் தன் அண்ணனுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடன் அங்கேதான் எனக்குத் தெரியவந்தது. “அது நம் கடனே இல்லையே” என்றார். அண்ணன் கட்டாவிட்டால் யார் வாசலுக்கு வருவார்கள்? அன்றைய நேரம் முழுக்க இதற்கே போனது. குரல் உயர்ந்ததும் இருபது நிமிடம் தனித்தனியே உட்கார வைத்தார். வீட்டிலும் அந்த விதியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

தம்பதியர் சச்சரவுகளில் 69 சதவீதம் தீராமலே தொடர்பவை என்று ஜான் காட்மன் என்ற ஆய்வாளர் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். இதைக் கேட்கவா பணம் கட்டினோம் என்று எரிச்சல்தான் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒருவரையொருவர் திருத்தப் பார்ப்பதை விட்டு, ஏற்பாடுகளைப் பேசினோம். பொதுச் செலவை வருமான விகிதத்தில் பிரித்தோம். ஆளுக்கொரு சிறுதொகை, அதற்குக் கணக்குக் கேட்கக் கூடாது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் செலவென்றால் முதலில் பேச வேண்டும்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது என்பதில் மட்டும் இழுபறி. கணக்குப்படி, வட்டி அதிகமுள்ளதை முதலில் அடைத்தால்தான் மிச்சம். எனக்கோ ஒரு சின்னக் கடனாவது ஒழிந்தால் போதும் என்றிருந்தது. அதை முடித்துவிட்டு கார்டுக்கு வந்தோம்.

ஜாமீன் கடன் இன்னும் ஓடுகிறது. மாதத் தவணை கட்டிய ரசீதை அனுப்பச் சொன்னதில் அண்ணனுக்கு வருத்தம். அனுப்பிவிடுகிறார்.