பழைய கம்ப்யூட்டரின் உறுமலும் சைக்கிள் டியூப்பும்

ஹார்ட் டிஸ்க் சத்தம் தாங்கவில்லை என்று யார் வந்தாலும், எந்தச் சத்தம் என்றுதான் முதலில் கேட்பேன். வட்டு சுழல்கிற உறுமல் ஒன்று, டேட்டாவைப் படிக்கும் தலை ஓடித் தேடுகிற கரகரப்பு இன்னொன்று, பேரிங் தேய்ந்து வரும் கீச்சு வேறு. மருந்தும் வேறு வேறு.

உறுமல்தான் பெரிய தொல்லை, போக்குவதற்கு எளிதும் அதுதான். நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் நொடிக்கு 90 அதிர்வு. அது ஸ்குரூ வழியாகத் தகரப் பெட்டிக்கு இறங்கி, பக்கத் தகடெல்லாம் சேர்ந்து பாட ஆரம்பித்துவிடும். தோட்ட ஆபீசில் கழித்துப் போட்ட பழைய பெண்டியம் கம்ப்யூட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதை ஓட்டினால் "யாருடா இந்நேரத்துல மாவு அரைக்கிறது?" என்பார் அம்மா. சந்தேகம் இருந்தால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு டிஸ்க்கைக் கழற்றி, மடித்த துண்டின் மேல் வைத்து ஓட்டிப் பாருங்கள். சத்தம் பாதிக்கு மேல் இறங்கினால் குற்றவாளி பெட்டிதான். சுழலும்போது மட்டும் அசைக்காதீர்கள், தலை வட்டில் இடித்தால் டேட்டா போச்சு.

அப்புறம் வேலை சுலபம். சிடி டிரைவ் போடும் இடத்தின் அகலம் சுமார் 146 மில்லிமீட்டர், டிஸ்க் 102தான். அந்த இடைவெளியில் சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டி, இரண்டு பக்கத் துளைகளிலும் கோத்து, டிஸ்க் எந்த இரும்பையும் தொடாமல் தொங்க விடுங்கள். இழுத்துக் கட்டினால் பலன் இல்லை, கொஞ்சம் தொய்வு வேண்டும். மலேசியாவில் ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னால் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பெரியவர்கள் முறைப்பார்கள், ஆனாலும் உண்மை: மரத்து ரப்பர் நல்ல ஸ்பிரிங், வாங்கிய அதிர்வைத் திருப்பித் தந்துவிடும். டியூப்பில் பெரும்பாலும் இருப்பது பியூட்டைல் என்ற செயற்கை ரப்பர், அது அதிர்வை விழுங்கிவிடும். பஞ்சர் கடையில் கேட்டால் ஓட்டை டியூப்பைச் சும்மாவே கொடுப்பார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் தட்டையான ஐடிஇ கேபிள் விறைப்பாக இருந்தால் அதிர்வு அதன் வழியாகவும் பெட்டிக்குப் போகும், தளர்வாக விடுங்கள். இன்னொன்று வெப்பம். இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தபோது சூடு அதில் இறங்கியது, இப்போது அந்த வழி இல்லை, நம் ஊர்ப் புழுக்கம் வேறு. பல டிஸ்க்குகளுக்கு வரம்பு 55 டிகிரிதான். முன்னால் ஒரு 80 மில்லிமீட்டர் ஃபேனை பவர் சப்ளையின் 12 வோல்ட் கம்பிக்கும் 5 வோல்ட் கம்பிக்கும் நடுவே இணைத்தால் 7 வோல்ட்டில் மெதுவாக, சத்தமில்லாமல் சுற்றும்.

கரகரப்புக்கு, 2000க்குப் பிறகு வந்த பல டிஸ்க்குகளில் ஒலி அளவை மாற்றும் வசதி உண்டு: லினக்ஸில் எச்டிபார்ம் (hdparm) கட்டளையின் பெரிய எழுத்து எம் (-M) அமைப்புக்கு 128 கொடுத்தால் அமைதி, 254 கொடுத்தால் வேகம். அதற்கு முந்தியவற்றில் பொதுவாக இது கிடையாது.

பேரிங் கீச்சு காற்றில் நேராக வருவதால் டியூப் உதவாது. சீகேட் எஸ்டி-225 மாதிரி ரொம்பப் பழசு என்றால், அடியில் சுழல் தண்டைத் தொடும் சின்ன உலோகப் பட்டை மட்டுமே கத்திக்கொண்டிருக்கலாம், அதையும் பாருங்கள். மற்றபடி கீச்சு வந்துவிட்டால் தொங்கவிடும் வேலையை ஒத்திப்போட்டு, உள்ளே இருப்பதை காம்பாக்ட் ஃபிளாஷ் என்ற மெமரி கார்டு ஒன்றுக்கு நகல் எடுங்கள். அந்தக் கார்டு ஐடிஇ மொழியே பேசும், மலிவான அடாப்டர் போதும். கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் பயாஸ் நிரல் பழையது என்றால் 504 எம்பிக்கு மேல் தெரியாமல் போகலாம்.