வடிகட்டி விளக்கு

ஓரமாய்க் கிடந்த பழைய எவர்சில்வர் வடிகட்டியைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, உள்ளே ஒரு பல்பு மாட்டினேன். சுவர் முழுக்கப் புள்ளி புள்ளியாய் வெளிச்சம். அவ்வளவு அழகு!

இதில் எல்லாமே பல்பைப் பொறுத்ததுதான். பால் நிறத்தில் பெரிய பல்பு போட்டால் புள்ளிகள் மங்கி ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒளி புறப்படும் இடம் சின்னதாக இருந்தால்தான் விளிம்பு கூர்மையாக விழும். அதனால் தெளிந்த கண்ணாடி உள்ள சின்ன எல்இடி பல்பாகப் பாருங்கள். 2700 கெல்வின் என்று போட்டிருந்தால் இதமான மஞ்சள் வெளிச்சம் வரும். பழைய குண்டு பல்பு வேண்டவே வேண்டாம். அது இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது, பாத்திரமும் கொதிக்கும்.

அப்புறம், உலோகப் பாத்திரம் என்பதால் எர்த் ஒயரை அதோடு கட்டாயம் இணைக்க வேண்டும். ஒயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் போடுங்கள், இல்லாவிட்டால் விளிம்பு உறையை அறுத்துவிடும். இந்த வேலையை மட்டும் எலக்ட்ரீஷியனிடமே கொடுத்துவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

பெயின்ட் அடிக்கவில்லை. எத்தனையோ வருடம் உழைத்த பாத்திரம், கீறலும் நசுங்கலும் அப்படியே இருக்கட்டும்.

பழைய துருவியில் செய்தால் புள்ளிகள் வேறு மாதிரி விழும். யாராவது செய்தால் படம் போடுங்கள்.