முதல் கட்ட மருந்துச் சோதனையில் அப்பா சேர்ந்தபோது

அப்பா சேர்ந்த புது மருந்துச் சோதனையில் என்னதான் நடந்தது என்று கோத்தகிரிப் பக்கம் தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன். அப்பாவுக்குப் பெருங்குடலில் வந்த புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவி, கீமோவும் கேட்காமல் போன பிறகுதான் சென்னையில் டாக்டர் இந்தச் சோதனையைப் பற்றிச் சொன்னார்.

முதல் கட்டம் நடப்பது முக்கியமாக எவ்வளவு டோஸை உடம்பு தாங்கும் என்று பார்க்கத்தான். பல சோதனைகளில் மூன்று பேருக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள், யாருக்கும் கடுமையான பக்கவிளைவு இல்லையென்றால் அடுத்த மூவருக்கு டோஸை ஏற்றுவார்கள், ஒருவருக்கு வந்தால் அதே டோஸில் இன்னும் மூவர். "அப்போ எனக்குக் கொறஞ்ச டோஸா, கூடுன டோஸா?" என்று அப்பா நேராகவே கேட்டுவிட்டார். "நடுவுலங்க ஐயா. ஆனா கட்டி சுருங்கும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது" என்றார் டாக்டர். அப்படி மறைக்காமல் சொன்னதால்தான் அப்பா சம்மதித்தார்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து வரிவரியாகப் படித்தோம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். சோதனையால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் தரவேண்டும் என்று மருந்துச் சோதனைகளுக்கான இந்திய அரசின் 2019 விதிகளிலேயே இருக்கிறது. போக்குவரத்துச் செலவை யார் தருவார்கள் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள், மலையிலிருந்து போகிறவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் ஸ்கேன், ஈசிஜி, ரத்தப் பரிசோதனை. பழைய கீமோ உடம்பை விட்டுப் போக சில வாரம் இடைவெளி வேண்டும் என்றார்கள், நோய் பரவிக்கொண்டிருக்கும்போது சும்மா காத்திருந்த அந்த வாரங்கள்தான் எங்களுக்கு மிகவும் கொடுமையாக இருந்தன.

மாத்திரை போட்ட முதல் நாள் கையில் ஊசிக்குழாயைச் செருகி வைத்து, மாத்திரைக்கு முன் ஒரு தடவை, பிறகு அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி என்று ரத்தம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள், ஒவ்வொரு குப்பியிலும் நர்ஸ் நிமிடம் உட்பட எழுதினார். அடுத்த வாரங்களிலும் அடிக்கடி வரச் சொன்னார்கள். மழைக்காலம், மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைபட்டால் நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடிக்கவே முடியாது, அதனால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கிவிட்டோம்.

இரண்டு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. மருந்தை நிறுத்தினார்கள். அதற்கப்புறமும் சில வாரம் போன் செய்து வாந்தி, காய்ச்சல் ஏதாவது உண்டா என்று விசாரித்தார்கள். சேர யோசிப்பவர்கள், அந்தச் சோதனை சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் முதலில் பாருங்கள், பதிவு எண்ணை டாக்டரிடமே கேட்கலாம்.