ஜாப் கார்டில் ஏறாத கோளாறு

வாரண்டியில் இருக்கும் காரை சர்வீஸுக்கு விடும்போது பலரும் பில்லைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். அதற்கு முன்னால், நாம் சொல்லும் கோளாறுகளைக் குறித்துக் கையெழுத்து வாங்குகிறார்களே, அந்த ஜாப் கார்டை யாரும் படிப்பதில்லை. கம்பெனிக்கு க்ளெய்ம் போனாலும் சரி, பிற்பாடு நுகர்வோர் ஆணையம் வரை விஷயம் போனாலும் சரி, பேசப்போவது ரிசப்ஷனில் சர்வீஸ் அட்வைசர் தட்டிய அந்த இரண்டு வரிதான். அவரிடம் பத்து நிமிடம் வாயால் சொன்னது எதுவும் அங்கே வராது.

டீலர் ஏன் வாரண்டி வேலைக்குத் தயங்குகிறார் என்பது தெரிந்தால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும். டீலர் தனி நிறுவனம். வாரண்டியில் மாற்றிய பாகத்தின் விலையையும் கூலியையும் கார் கம்பெனி அவருக்குத் திருப்பித் தர வேண்டும். கூலி, கம்பெனி வகுத்து வைத்திருக்கும் நேரக் கணக்கின்படிதான் வரும். ஃப்யூயல் பம்ப் மாற்ற இத்தனை நிமிடம் என்று அட்டவணை இருக்கும். கோளாறைத் தேட மெக்கானிக் அரை நாள் செலவழித்திருந்தால் அதற்குப் பெரும்பாலும் காசு வராது. கழற்றிய பாகத்துக்கு டேக் கட்டி வைத்து, கம்பெனி கேட்டால் அனுப்ப வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டர் காட்டும் எர்ரர் கோடும் (பழுதுக் குறியீடு), போட்டோவும், எழுதிய காரணமும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் க்ளெய்ம் திரும்பி வரும். செலவு டீலர் தலையில் விழும். "எல்லா வண்டியும் இப்படித்தான் சார்" என்ற பதில் இங்கிருந்துதான் பிறக்கிறது. ஆகவே, அவர் க்ளெய்ம் போடுவதற்குத் தேவையான ஆதாரத்தை நாமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் விதி: அறிகுறியைச் சொல்லுங்கள், நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். "இன்ஜெக்டர் போயிடுச்சு" என்று எழுதினால் இன்ஜெக்டரைச் சோதித்துவிட்டு "சரியாக உள்ளது" என்று ஜாப் கார்டை மூடிவிடுவார்கள். "பிக்கப் இல்லை" என்று எழுதினால் ஏர் ஃபில்டரைத் தட்டிப் போட்டுத் தருவார்கள். இப்படி எழுதச் சொல்லுங்கள்: "இரவு முழுவதும் நின்ற வண்டி, காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஐந்து நொடி சுற்றிய பிறகே கிளம்புகிறது. இரண்டாவது கியரில் 20 முதல் 30 கிலோமீட்டர் வேகத்தில், ஏசி போட்டிருக்கும்போது உதறுகிறது. எஞ்சின் சூடான பின் உதறல் இல்லை. டேங்க் கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது அதிகம்." இதைப் படிக்கும் மெக்கானிக்குக் கோளாறை வரவழைக்கும் வழி தெரிந்துவிடும். வண்டியை இரவு அங்கேயே நிறுத்திக் காலையில் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. அட்வைசர் சுருக்கி எழுதினால் அதே வாசகத்தை அவர் முன்னாலேயே வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ அனுப்பி, ஜாப் கார்டு எண்ணையும் கிலோமீட்டரையும் அதில் குறிப்பிடுங்கள். நேரமுத்திரையோடு ஒரு பதிவு நிற்கும்.

வந்து வந்து போகும் கோளாறுதான் பெரிய தலைவலி. சர்வீஸ் சென்டர் வாசலை மிதித்ததும் வண்டி சமர்த்தாகிவிடும். டாஷ்போர்டு விளக்கு எரியும்போது, பக்கத்தில் இருப்பவரை விட்டு ஓடோமீட்டரும் தெரியும்படி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஓட்டிக்கொண்டே நீங்கள் எடுக்க வேண்டாம். செக் எஞ்சின் விளக்கு வந்தால், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவில் ஒரு எர்ரர் கோடு பதிவாகும். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது எரிபொருள் சரியாகப் பற்றவில்லை. பி0171 என்றால் கலவையில் எரிபொருள் குறைவு, காற்று அதிகம். அந்தக் கோடு விழுந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், எஞ்சின் சூடு, லோடு எவ்வளவு என்பதும் ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பெயரில் சேர்ந்தே பதிவாகியிருக்கும். வண்டியின் சோதனை சாக்கெட்டில் சொருகும் மலிவான ஓபிடி ப்ளூடூத் கருவியால் அதைப் படித்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆனால் 'க்ளியர்' பொத்தானைத் தொடாதீர்கள். கோடை அழித்தால் ஃப்ரீஸ் ஃபிரேமும் அழியும். பேட்டரி டெர்மினலைக் கழற்றினாலும் பல வண்டிகளில் அழிந்துவிடும். அது போனால் டீலருக்கு க்ளெய்ம் போட ஆதாரமே இருக்காது.

பி0301 வந்தால் நல்ல மெக்கானிக் என்ன செய்வார் என்று பாருங்கள். முதல் சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி இரண்டாவதில் போட்டு ஓட்டிப் பார்ப்பார். கோடு பி0302 என்று மாறினால் குற்றவாளி காயில்தான். மாறாமல் பி0301 என்றே நின்றால் ப்ளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று அடுத்தடுத்துப் போக வேண்டும். கருவியைச் சொருகிக் கோடை அழித்துவிட்டு "சாஃப்ட்வேர் ரீசெட் பண்ணியாச்சு சார்" என்று வண்டியைத் தந்தால், எதுவும் செய்யவில்லை என்று பொருள். என்ன சோதனை செய்தார்கள், என்ன கோடு இருந்தது என்பதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாரண்டி வேலைக்குத் தொகை பூஜ்யமாக இருந்தாலும் இன்வாய்ஸ் கட்டாயம் வேண்டும். அதே கோளாறு மூன்றாம் முறை வரும்போது முந்தைய இரண்டு தாள்களும்தான் உங்கள் பலம்.

பெங்களூர் ஓட்டத்துக்கென்றே வரும் சில கோளாறுகள் உண்டு. அவற்றில்தான் வாரண்டி மறுப்பும் அதிகம். 2020 ஏப்ரல் 1-க்குப் பின் வந்த பிஎஸ்6 (புகை மாசு விதி) டீசல் வண்டிகளில் புகைபோக்கி வழியில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க அதற்குள் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். வீட்டிலிருந்து சில்க் போர்டு வரை ஊர்ந்து போய்த் திரும்பும் வண்டிக்கு அந்தச் சூடு கிடைக்கவே கிடைக்காது. கரியை எரிக்க ஈசியூ கூடுதலாக டீசலைத் தெளிக்கும். பாதியில் எஞ்சினை அணைத்தால் அந்த டீசலில் ஒரு பங்கு எஞ்சின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள்: ஆயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால், மோந்து பார்த்தால் டீசல் வாடை அடித்தால், உடனே ஆயில் மாற்ற வேண்டும். ஆயில் கூடினால் நல்லதுதானே என்று விட்டால் பேரிங் தேயும். டிபிஎஃப் விளக்கு எரிந்த அன்றே நைஸ் ரோட்டிலோ துமகூரு நெடுஞ்சாலையிலோ 60 கிலோமீட்டருக்கு மேல் சீரான வேகத்தில், 2,000 ஆர்பிஎம் அளவில் 20 நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். விளக்கோடு நாள்கணக்கில் ஓட்டினால் வண்டி, சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்குப் போகும். பிறகு ஸ்கேன் கருவியால்தான் எரிக்க முடியும். அதற்கும் அடங்காவிட்டால் டிபிஎஃப் மாற்ற வேண்டும், "ஓட்டும் முறைதான் காரணம்" என்று க்ளெய்மும் மறுக்கப்படும். தினமும் பத்து கிலோமீட்டருக்குள் ஓட்டுபவர் இந்த ஊரில் டீசல் கார் வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உலர் க்ளட்ச் உள்ள டிசிடி (இரட்டை க்ளட்ச் ஆட்டோமேடிக்) கியர்பாக்ஸிலும் இதே கதைதான். நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் க்ளட்ச் பாதி பிடித்தபடி தேய்ந்து சூடாகும். முன்வண்டி ஒரு கார் நீளம் நகரும்வரை பிரேக்கை முழுதாக அழுத்தி நில்லுங்கள். க்ளட்ச் தேய்மானப் பாகம் என்று வாரண்டியில் கழித்துவிடுவார்கள். அதை இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட்டுக்கு வாரண்டி உண்டு. எது பழுது என்று கோடோடு எழுதி வாங்காவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

பேஸ்மென்ட் பார்க்கிங்கில் எலி கடித்த வயருக்கு வாரண்டி கிடையாது, இன்சூரன்ஸ்தான். மழைநீரும் அப்படியே. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு, அவுட்டர் ரிங் ரோடு மூழ்கியபோது வண்டிகளுக்கு என்ன ஆகும் என்று ஊரே பார்த்தது. தண்ணீரில் எஞ்சின் நின்றால் மறுபடி சாவியைத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீர் அழுந்தாது, கனெக்டிங் ராடுதான் வளையும். சாதாரண பாலிசி அந்தச் செலவைத் தராது. எஞ்சின் ப்ரொடெக்ட் என்ற கூடுதல் கவர் வேண்டும். வண்டியை டோ செய்யுங்கள்.

ஜேசி ரோட்டில் வயரை வெட்டி ஒட்டிப் போட்ட ஹாரனும் விளக்கும் மின்சார வாரண்டிக்கு எமன். வயரை வெட்டாமல், கப்ளரோடு கப்ளர் (வயர் இணைப்பான்) பொருந்தும் சாமான் மட்டும் போடுங்கள். அதற்காக, ஹாரன் மாற்றியதைக் காட்டி ஸ்டீயரிங் க்ளெய்மை மறுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்த மாற்றம் எந்தப் பழுதுக்குக் காரணம் என்று எழுத்தில் கேளுங்கள்.

ரீகால் வேறு சங்கதி. அது கம்பெனியே ஒப்புக்கொள்ளும் குறை. வாரண்டி முடிந்திருந்தாலும், வண்டி கைமாறியிருந்தாலும், வேலை இலவசம். ஆனால் கம்பெனியின் எஸ்எம்எஸ் பெரும்பாலும் முதல் உரிமையாளரின் நம்பருக்குத்தான் போகும். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆர்சியில் உள்ள 17 இலக்க சேசிஸ் எண்ணைக் கம்பெனி இணையதளத்தின் ரீகால் பக்கத்தில் போட்டால் தெரிந்துவிடும். அந்த எண்ணில் ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வராது. ஓ போல் தெரிவது பூஜ்யம். தேடினால் "இல்லை" என்று வருவதற்குப் பல சமயம் இதுதான் காரணம்.

அறிவிப்பு வந்த அன்றே பாகம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். 2021 செப்டம்பரில் மாருதி 1,81,754 பெட்ரோல் வண்டிகளை மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டுக்காகத் திரும்ப அழைத்தது. மாற்றும் வேலை நவம்பர் முதல் வாரத்தில்தான் தொடங்கும் என்றும், அதுவரை தண்ணீர் தேங்கிய இடத்தில் ஓட்ட வேண்டாம், மின் பாகங்களில் நேரடியாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம் என்றும் சொன்னது. அந்த இடைக்காலத்தில் வாட்டர் வாஷ் விட்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அறிவிப்பின் கடைசிப் பத்தியையும் படிக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

ஹோண்டா 2024 அக்டோபரில் ஃப்யூயல் பம்புக்காக 90,468 கார்களை அழைத்தது. டேங்குக்குள் இருக்கும் அந்தப் பம்பில் பெட்ரோலைத் தள்ளும் இம்பெல்லர் பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் அடர்த்தி குறைந்தால் பெட்ரோலை உறிஞ்சி உப்பி, உறையில் உரசும். ஸ்டார்ட் ஆகத் தாமதம், ஓட்டத்தில் தடுமாற்றம், கடைசியில் நடுரோட்டில் நின்றுவிடும். அதே அறிவிப்பில், ஸ்பேர் பார்ட்டாக அந்தப் பம்பு மாற்றப்பட்ட 2,204 பழைய வண்டிகளும் இருந்தன. உங்கள் மாடல் பட்டியலில் இல்லை என்று விட்டுவிடாமல், இடையில் மாற்றிய பாகத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கம்பெனி மூடி மறைத்தால்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 110ஏ பிரிவின்படி அரசே ரீகாலுக்கு உத்தரவிடலாம். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். கட்டாய ரீகாலுக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். உரிமையாளர்களின் புகார் எண்ணிக்கை ஒரு அளவைத் தொட்டால் சக்கரம் சுழலும். அதனால் பாதுகாப்புக் கோளாறு எதுவானாலும் அரசின் வாஹன் தளத்தின் ரீகால் பக்கத்தில் பதிவு செய்யுங்கள். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் விஷயத்தில் ஒருவர் சும்மா இருந்தாலும் இன்னொரு குடும்பம் ஆபத்தில் இருக்கும்.

தமிழ்நாட்டுப் பதிவு வண்டியோடு பெங்களூரில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு சங்கதி: வாரண்டி கம்பெனி தருவது, வாங்கிய டீலர் தருவதில்லை. சேலத்தில் வாங்கிய வண்டிக்கு ஒயிட்ஃபீல்டில் க்ளெய்ம் போடலாம். இங்கே மறுத்தால் ஓசூரில் காட்டுங்கள். கூட்டம் குறைவான பணிமனையில் மெக்கானிக்கோடு சேர்ந்து டெஸ்ட் டிரைவ் போகும் வாய்ப்பு அதிகம். இரண்டு டீலர்களின் ஜாப் கார்டில் ஒரே கோளாறு ஏறியிருந்தால் "கோளாறு தென்படவில்லை" என்ற பதில் எடுபடாது.

வாரண்டி முடிய இரண்டு மாதம் இருக்கும்போது வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, டார்ச்சோடு நீங்களும் கீழே நில்லுங்கள். ஷாக் அப்சார்பரில் மெல்லிய ஆயில் பூச்சு இருந்தால் பரவாயில்லை. வழிந்து கீழ்ப்பகுதி வரை தூசி ஒட்டியிருந்தால் கசிவு. எஞ்சின் மவுன்ட் ரப்பரில் பிளவு, வாட்டர் பம்ப் ஓரத்தில் கூலன்ட் காய்ந்த கறை, ஸ்டீயரிங் ரேக்கில் தட்டல் சத்தம் எல்லாவற்றையும் அன்றே ஜாப் கார்டில் ஏற்றுங்கள். பாகம் வர மாதமானாலும், வாரண்டிக்குள் பதிவான புகார் வாரண்டிக்குள் வந்த புகார்தான். முடிந்து சில வாரம் கழித்துப் பெரிய பாகம் போனால் குட்வில் (நல்லெண்ணச் சலுகை) கேளுங்கள். எல்லா சர்வீஸும் கம்பெனி சென்டரில் நேரத்துக்குச் செய்திருந்தால் கம்பெனி விலையில் ஒரு பங்கை ஏற்பதுண்டு.

அட்வைசரிடம் நகராவிட்டால் ஒர்க்ஸ் மேனேஜர். அதன்பின் கம்பெனி கஸ்டமர் கேரில் டிக்கெட் எண் வாங்கி, கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜர் வண்டியை நேரில் பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பெரிய க்ளெய்முக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அடுத்தது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய வண்டிக்கு அங்கேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் தாக்கல் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கேட்கும்போது அளவோடு கேளுங்கள். பாகத்தை மாற்றினால் சரியாகும் கோளாறுக்கு முழு வண்டியையும் மாற்றித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் ஒரு கார் வழக்கில் சொல்லியிருக்கிறது. தயாரிப்புக் குறை என்று வாதிட்டால் நிபுணர் அறிக்கை கேட்பார்கள். அதனால் முதல் மனுவிலேயே, வண்டியைப் பரிசோதனைக்கு அனுப்ப உத்தரவிடும்படி ஆணையத்தைக் கேட்டுவிடுங்கள். அதுவரை வெளி மெக்கானிக்கிடம் அந்தப் பாகத்தைத் திறக்க விடாதீர்கள்.