ஜமைக்காவில் ஒரு ஒப்பந்த நகலுக்காக அலைந்த கதை

கிங்ஸ்டனில் ஒரு குளிர்பதனக் கிடங்கு நிறுவனத்தில் பங்கு வாங்கும் வேலை ஒருவழியாக முடிந்தது. டிஆர்என் என்கிற வரி செலுத்துவோர் பதிவு எண், கம்பெனிப் பதிவு, வங்கிக் கணக்கு எல்லாம் வழக்கமான இழுபறிதான். உயிரை வாங்கியது ஒரே ஒரு ஒப்பந்த நகல்.

அரசு அமைப்பு ஒன்றின் சரக்கு முழுக்கத் தன்னிடம்தான் வரும் என்று சொல்லித்தான் விற்பவர் விலையை ஏற்றியிருந்தார். ஒப்பந்தத்தைக் காட்டச் சொன்னால், ரகசியக் காப்பு விதி இருக்கிறது என்று கையை விரித்தார்.

எங்கள் வக்கீல் இன்னொரு குண்டைப் போட்டார். 1993-இல் ஜமைக்கா கொண்டுவந்த நியாயப் போட்டிச் சட்டத்தில், நிறுவனங்களை வாங்கும்முன் அனுமதி பெற வேண்டும் என்ற ஏற்பாடு வைக்கப்படவில்லை. தரகர்கள் இதைச் சொல்லியே தைரியம் கொடுப்பார்கள், நம்பாதீர்கள். டிஜிசெல் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம், போட்டி நிறுவனமான கிளாரோவை வாங்கிய விவகாரத்தில், அமைச்சர் ஒப்புதல் கொடுத்திருந்தும், போட்டியைக் குறைக்கும் ஒப்பந்தங்களைத் தடுக்கும் 17-ஆம் பிரிவு பொருந்தும் என்று ஜமைக்காவின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 2017-இல் சொல்லிவிட்டது. முழுச் சரக்கும் ஒருவருக்கே என்கிற ஒப்பந்தத்தையும் அதே பிரிவில் யாராவது கிளறலாம்.

சரி, 2002-ஆம் ஆண்டுத் தகவல் பெறும் சட்டத்தில் அந்த அரசு அமைப்பிடமே மனுப் போட்டோம். மனுவுக்குக் கட்டணம் கிடையாது, நகல் எடுக்கும் செலவு மட்டும்தான். வெளிநாட்டுக்காரரும் கேட்கலாம். நம்மூர் ஆர்.டி.ஐ. பழக்கத்தில் கேள்வியாக எழுதிவிடாதீர்கள். இந்தச் சட்டம் தருவது ஆவணம். எந்த ஒப்பந்தம், எந்த ஆண்டு, யாருக்கும் யாருக்கும் இடையில் என்று குறிப்பிட்டால்தான் அதிகாரிகளுக்குத் தப்பிக்க வழி இருக்காது.

மனு கிடைத்தது என்று ஒரு வரிகூட வரவில்லை. நேரில் போனால் கவுன்டரில் இருந்த அம்மாள் முகத்தைக்கூட நிமிர்த்தாமல், “எதற்கு வேண்டும்?” என்றார். காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறதே என்றேன். “அப்படியானால் மேலதிகாரி வரட்டும்.” மேலதிகாரி மதிய உணவுக்குப் போயிருந்தார். மூன்றரை மணி வரைக்கும் அது மதிய உணவுதான். கடைசியில் என் மனு நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகர மாட்டேன் என்று நின்றேன். அந்த முத்திரைதான் பிறகு காப்பாற்றியது. பதில் தர 30 நாள் கெடு. கெடு முடிந்த பிறகு, “மனு எங்களுக்கு வரவேயில்லை” என்றார்கள். முத்திரையை ஸ்கேன் செய்து அனுப்பியதும் குரல் மாறிவிட்டது. உடனே அவகாசம் கேட்டு ஒரு கடிதம். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 30 நாள் நீட்டிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, அதையும் முழுசாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

வந்த நகலில் விலைப் பக்கங்கள் முழுக்கக் கறுப்பு. வணிக ரகசியமாம். ஆனால் கால அளவுப் பிரிவை மறைக்க மறந்தார்களோ, மறைக்க முடியவில்லையோ, தெளிவாக இருந்தது: எந்தத் தரப்பும் மூன்று மாத முன்னறிவிப்பில் விலகிக்கொள்ளலாம். சரக்கு முழுக்க இங்கேதான் வரவேண்டும் என்ற நிபந்தனை எங்கேயுமே இல்லை. விற்பவரிடம் நகலை நீட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அப்புறம் விலையைப் பற்றிப் பேசலாம் என்றார். வக்கீலுக்கும் 17-ஆம் பிரிவுக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது.

கறுப்படித்த பக்கங்களுக்கு உள் மறுஆய்வு கேட்கலாம், அதிலும் மறுத்தால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. எனக்கு வேண்டிய பிரிவு கிடைத்துவிட்டதால் அந்தப் பக்கம் போகவில்லை. போகிறவர்கள் மறுப்புக் கடிதம் வந்த உறையையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கடிதம் எப்போது வந்தது என்பதிலேயே தகராறு வரும்.