அந்துருண்டை வாசம்

குழாயைக் கழற்றியபோது வளைவின் உட்புறம் வெள்ளைச் செதில்கள் ஒட்டியிருந்தன. துணி அலமாரியில் போடும் அந்துருண்டையின் அதே வாசம். நாஃப்தலீன். விறகை வாயுவாக்கும்போது கூடவே வரும் பிசுபிசுப்பான தாரில், மற்றதெல்லாம் உடைந்த பிறகும் பிடிவாதமாக நிற்பது இதுதான். தாரை உடைக்க வைத்த டாலமைட் கல் அடுக்கைத் தாண்டி இது இவ்வளவு வந்திருக்கக் கூடாது.

கோவைக்கு வெளியே ஒரு சோதனை ஆலை. சீமைக்கருவேல் விறகைச் சில்லாக்கி, கொதிக்கும் மணற்படுகையில் போட்டு வாயுவாக்கிக்கொண்டிருந்தோம். இந்த வகை அடுப்பில் ஒரு கனமீட்டர் வாயுவோடு சுமார் 10 கிராம் தார் வரும். அந்த வாயுவில் ஓடும் இன்ஜின் தாங்குவது 0.1 கிராம்தான். முதலில் தண்ணீர் தெளித்துக் கழுவினோம். வாயு ஓரளவு சுத்தமானது, தொட்டித் தண்ணீர் கறுத்துப்போனது. ஃபீனால் கலந்த அந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவது? சுற்றிலும் தோட்டத்துக் கிணறுகள். அந்தத் தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

அதனால்தான் வினையூக்கிக்குப் போனோம். அது தாரை உடைத்து ஹைட்ரஜனாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் வாயுவிலேயே சேர்த்துவிடும். நிக்கல் இதில் கெட்டிக்காரன். ஆனால் கந்தகம் பட்டால் சுணங்கிவிடும், தார் அதிகமானால் மேலே கரி படிந்துவிடும். எனவே அதற்குக் காவலாக முன்னால் டாலமைட் கல். மலிவானது. 800 டிகிரிக்கு மேல் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, நுண்துளை நிறைந்த ஆக்சைடு மிஞ்சும். சுண்ணாம்புக் காளவாயில் நடப்பதுதான்.

நிக்கலைத் திறக்காமல், முதலில் டாலமைட்டை மட்டும் ஓட்டிப் பார்த்தோம். வாயுவை ஐசோபுரோப்பனால் ஊற்றிய குளிர்ந்த குப்பிகள் வழியாக விட்டுத் தார் அளப்போம். முதல் வாரம் குப்பி இளமஞ்சளாகத்தான் இருந்தது. பிறகு ஒரு காலையில் கட்டன் சாயா நிறம். கல் விற்றவர் மேல்தான் எனக்குச் சந்தேகம். மாதிரியைச் சோதனைக்கு அனுப்பப் பொட்டலமும் கட்டிவிட்டேன்.

விறகு அடுக்கும் அண்ணன் இரண்டு கட்டைகளை எடுத்துத் தட்டிக் காட்டினார். “தம்பி, காஞ்ச கட்டைன்னா கணீர்னு கேக்கோணும். இது சொத்துங்குது பாரு. முந்தாநேத்து மழையில நனைஞ்சது.”

சரி என்று இரவு ஷிஃப்ட் பதிவேட்டைப் புரட்டினேன். டாலமைட் அடுக்கு 700 டிகிரிக்கு இறங்கியிருந்தது. விறகின் ஈரத்தை ஆவியாக்கவே சூடு போய்விட்டது. அந்தச் சூட்டில் கால்சியம் ஆக்சைடு, வாயுவிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடைத் திரும்ப இழுத்துப் பழையபடி கார்பனேட் ஆகிவிடும், தாரை உடைக்கும் வேகம் படுத்துவிடும். இப்படி மாறி மாறி நடந்தால் கல்லே பொடிந்துவிடும். கல் விற்றவரை வீணாகச் சந்தேகித்தது இன்றும் உறுத்துகிறது.

காய்ந்த விறகுக்கு மாறி, அடுக்கை 850-க்கு ஏற்றினோம். மாலையில் குப்பி பழைய நிறத்துக்கு வந்தது. அப்புறம் விறகுக்குத் தகரக் கூரை போட்டோம். அண்ணன் தட்டிப் பார்க்காமல் எந்தக் கட்டையும் சில்லு மெஷினுக்குப் போவதில்லை. நிக்கல் அடுக்கைத் திறந்தது அதற்குப் பிறகுதான்.